கிருஷ்ணகிரிக் கடைத்தெருவில் வைஃபை சேனல் பங்கீடு: ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

இசிஇ, சிஎஸ்இ கடைசி வருடத்தில் வயர்லெஸ் பக்கம் ஆசை உள்ளவர்கள் எடுக்க நினைக்கும் தலைப்பு இது. எந்த ரூட்டருக்கு எந்தச் சேனல் (வைஃபை பேசும் அலைவரிசைத் துண்டு) என்பதை, நடுவில் ஒரு கன்ட்ரோலர் இல்லாமல், ரூட்டர்களே தங்களுக்குள் பேசி முடிவுசெய்ய வைக்கும் மேட்சிங் அல்காரிதம், அதாவது இரு தரப்பை ஜோடி சேர்க்கும் முறை. தாளில் பார்த்தால் அரைப் பக்கம். பைத்தானில் எழுதினால் ஐம்பது வரி வராது. நிஜ ரூட்டரை வைத்து நிஜத் தெருவில் ஓட்டிக் காட்டு என்று கைடு சொன்ன பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

கிருஷ்ணகிரியில் இதை ஓட்டி முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பட்ட பாட்டில் அல்காரிதத்தின் பங்கு கொஞ்சம்தான். அனுமதிக் கடிதம், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண், கரண்டு கட், கடைக்காரரின் சந்தேகம் என்று மற்றவை வரிசைகட்டி நிற்கும். அதையெல்லாம் தாண்டினால் கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிஞ்சும்: ஒரு ரூட்டருக்கு எந்தச் சேனல் பிடிக்கும் என்பதை எப்படி அளப்பது? அளவு சரியாக இருந்தால் மீதி தானாக வரும். அளவு தப்பென்றால் எவ்வளவு நல்ல அல்காரிதமும் தப்பான விடையைத்தான் கச்சிதமாகக் கொடுக்கும். ஆகவே நான்காம் படியில் நிதானமாகப் போங்கள்.

1. தலைப்பைச் சின்னதாக வெட்டுங்கள்

மூன்று ரூட்டர், மூன்று சேனல், அடுத்தடுத்து இருக்கும் மூன்று கடைகள். இது போதும். சைனாப்சிஸில் இருபது ரூட்டர் என்று எழுதிக் கொடுத்தால் முதல் ரிவ்யூவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஐம்பது, நூறு ரூட்டர் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சிமுலேஷனில் காட்டலாம். என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டர் இலவசம், மேட்லேப் உரிமம் இல்லாதவர்களுக்கு அதைப் போன்ற ஆக்டேவ் இருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸையே எடுங்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பற்றாக்குறை இருந்தால்தான் பங்கீட்டுக்கு வேலை. 5 கிகாஹெர்ட்ஸில் இந்தியா 2018இல் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. அங்கே மூன்று ரூட்டர் வைத்தால் ஆளுக்கொரு சேனல் போக மீதியும் இருக்கும், காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. தவிர, ரேடாரோடு பகிரும் சேனல்களில் ரூட்டர் முதலில் சுமார் 60 விநாடி சும்மா கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். டெமோ நாளில் மதிப்பிட வரும் பேனல் முன்னால் அந்த ஒரு நிமிடம் ஒரு யுகம்.

தலைப்பில் 5ஜி, ஏஐ என்று சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். சேர்த்தால் அதிலிருந்துதான் முதல் கேள்வி வரும்.

2. காகித வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

மூன்று காகிதம் வேண்டும்.

முதலாவது, துறைத்தலைவர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் உள்ள கடிதம். இதைத் தமிழில் வாங்குங்கள். ஆங்கிலக் கடிதத்தைக் கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு “நாளைக்கு வாங்க தம்பி” என்பார், அந்த நாளை வராது. கடிதத்தில் இருக்க வேண்டியவை: மாணவர்கள் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கருவி கல்லூரி மாணவர்களுடையது, கடையின் இன்டர்நெட்டைத் தொட மாட்டார்கள், யார் என்ன பார்க்கிறார்கள் என்ற தகவல் எதையும் பதிவுசெய்ய மாட்டார்கள், சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். கடைசி இரண்டும் முக்கியம்.

இரண்டாவது, கடைக்காரரின் சம்மதக் கடிதம். அரைப் பக்கம், கையால் எழுதினாலும் போதும். வாடகைக் கடையாக இருந்தால் கட்டட உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நகராட்சி வணிக வளாகக் கடைகளைத் தவிர்ப்பது நல்லது, யாரிடம் கேட்பது என்றே பாதி நாள் போகும். ஒரே உரிமையாளரின் கீழ் வரிசையாக மூன்று கடை உள்ள தனியார் கட்டடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கட்டாயம் வரும் கேள்வி: “தம்பி, இதால கரண்டு பில்லு ஏறுமா?” பதிலைக் கணக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். 8 வாட் ரூட்டர் ராத்திரி பகல் ஓடினாலும் மாதத்துக்கு 6 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கடைக் கட்டணத்தில் போட்டாலும் ஐம்பது, அறுபது ரூபாய். அந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பார்கள், ஆனாலும் கொடுங்கள். அப்புறம் யாரும் பிளக்கைப் பிடுங்க மாட்டார்கள்.

மூன்றாவது காகிதம் உங்கள் ஃபைலுக்கு. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 ஜனவரி அறிவிக்கையின்படி உரிமம் தேவையில்லாத அலைவரிசை. வெளியிடும் திறன் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்த வீச்சு 4 வாட் என்பது வரம்பு. கடையில் விற்கும் சாதாரண ரூட்டர் இதற்குள் அடங்கிவிடும். அந்த அறிவிக்கையின் நகல் ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொண்டால் “அனுமதி வாங்கினீர்களா” என்று பேனலில் யார் கேட்டாலும் நீட்டலாம். ரூட்டரில் நாம் ஏற்றப்போகும் இலவச இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டியில் நாட்டுக் குறியீட்டை இந்தியா என்றே வையுங்கள். பவர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வேறு நாட்டை வைக்கச் சொல்லும் யூடியூப் யோசனையைக் கேட்காதீர்கள்.

ஒரு பொறி: சோதனைக்குக் கூட்டம் வேண்டும் என்று கடை வாடிக்கையாளர்களுக்கு இலவச வைஃபை திறந்துவிடாதீர்கள். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுப்பது வேறு சமாச்சாரம். அதற்கு பிஎம்-வாணி என்ற முறையான வழி இருக்கிறது, ஆனால் அது உங்கள் செமஸ்டரைத் தின்றுவிடும். உங்களுக்குத் தேவை ரூட்டருக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் நடுவே ஓடும் ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கும் கருவி) டிராஃபிக் மட்டும். அதற்கு இன்டர்நெட்டே வேண்டாம்.

3. சாமான் வாங்குவது

இரண்டு ரேடியோ உள்ள ரூட்டர், அதாவது 2.4உம் 5உம் உள்ள டூயல் பேண்ட், மூன்று வேண்டும். ஏன் இரண்டு என்பது ஆறாம் படியில் வரும். பழையது என்றால் ஒன்று சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய். புதிது என்றால் 2,000க்கு மேல். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் வாடிக்கையாளர்கள் ஃபைபருக்கு மாறியபோது விட்டுப்போன ரூட்டர்கள் அட்டைப்பெட்டியில் கிடக்கும், முதலில் அங்கே கேளுங்கள். கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோடு. பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரம். வார நாளில் போங்கள்.

வாங்கும்முன் ரூட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண்ணோடு வி1, வி2, வி4 என்று ஒரு வெர்ஷன் இருக்கும். ஒரே பெயரில் வரும் இரண்டு வெர்ஷனுக்குள் சிப்பே வேறாக இருக்கலாம். ஓபன்டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலில் அந்த மாடல் மட்டும் இருந்தால் போதாது, அதே வெர்ஷன் இருக்க வேண்டும். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழைய ரூட்டர்களை நூறு ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம், இப்போதைய ஓபன்டபிள்யூஆர்டி அதில் ஏறாது. 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ராம் இருந்தால் பைத்தானையும் ஏற்றலாம். 2.4 ரேடியோவுக்கு ஏத்9கே டிரைவரில் ஓடும் ஏத்தரோஸ் சிப் கிடைத்தால் பாக்கியம், அளவுகளை ஒழுங்காகத் தரும்.

வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரடியாக வரவழைக்க வேண்டாம். இறக்குமதியாகும் வயர்லெஸ் கருவிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ சான்று வேண்டும். அது இல்லாமல் கஸ்டம்ஸில் நின்றால் உங்கள் செமஸ்டரும் அங்கேயே நிற்கும்.

மினி யுபிஎஸ் மூன்று, ஒன்று சுமார் 1,000 ரூபாய். லேன் கேபிள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஐந்நூறு. ரிப்போர்ட் அச்சடித்து பைண்டிங் போட ஒரு பிரதிக்கு 300, 400. மூன்று பேர் குழு என்றால் ஆளுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது. துறைத்தலைவர், முதல்வர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும், ஆகவே அறிவிப்பு வருவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் சொல்லிவைத்துவிடுங்கள். பழைய சாமானுக்கும் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத செலவை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

4. அளவெடுப்பு: இங்கேதான் ப்ராஜெக்ட் இருக்கிறது

பெரும்பாலானவர்கள் செய்வது: போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து, எந்தச் சேனலில் எத்தனை நெட்வொர்க் என்று எண்ணி, குறைவாக உள்ளது நல்ல சேனல் என்று எழுதிவிடுவது. இது இரண்டு விதத்தில் ஏமாற்றும். சேனல் 1இல் எட்டு ரூட்டர் தெரியும், ஆனால் எட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். சேனல் 11இல் ஒன்றே ஒன்று தெரியும், அது லாட்ஜ் ரூட்டராக இருந்து இருபது பேர் அதில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் 11 நல்லது, நிஜத்தில் 1 நல்லது. அப்புறம், பேக்கரியின் மைக்ரோவேவ் அவன் வைஃபை பெயர் எதையும் அறிவிக்காது. ஆப்பில் அது தெரியவே தெரியாது, ஆனால் பஃப்ஸைச் சூடாக்கும் அந்த அரை நிமிடம் பக்கத்துச் சேனல்களைப் போட்டுத் துவைத்துவிடும். ஆண்ட்ராய்டு 9இலிருந்து ஒரு ஆப் இரண்டு நிமிடத்துக்கு நான்கு ஸ்கேனுக்கு மேல் செய்ய முடியாது என்ற கட்டுப்பாடும் உண்டு. திரையில் எண் மாறவில்லை என்றால் சூழ்நிலை மாறவில்லை என்று அர்த்தமில்லை.

ஆகவே இரண்டு எண்களை எடுங்கள்.

ஒன்று, சேனல் எவ்வளவு நேரம் பிஸி. ஓபன்டபிள்யூஆர்டியில் ஐடபிள்யூ கருவியின் சர்வே டம்ப் கட்டளை, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த நேரத்தையும் அதில் காற்று பிஸியாக இருந்த நேரத்தையும் மில்லிவிநாடியில் கொடுக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சதவீதம். கவனம்: ரூட்டர் தற்போது உட்கார்ந்திருக்கும் சேனலின் எண்தான் நம்பத்தக்கது. மற்ற சேனல்களுக்கு வரும் எண், ஸ்கேன் போகிற போக்கில் கண நேரம் எட்டிப்பார்த்தது. ரூட்டரை 1இல் வைத்து இரண்டு நிமிடம், 6இல் இரண்டு நிமிடம், 11இல் இரண்டு நிமிடம் என்று உட்கார வைத்து எடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் சொந்த டிராஃபிக் ஓடக் கூடாது, அதுவும் பிஸி கணக்கில் சேர்ந்துவிடும்.

இரண்டு, நிஜ வேகம். அதே சேனலில் கடைக்குள் வழக்கமாக ஆள் உட்காரும் இடத்தில் லேப்டாப்பை வைத்து 30 விநாடி ஐபெர்ஃப்3. ரூட்டர் இருக்கும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்காதீர்கள், ரூட்டருக்கு முகத்துக்கு நேராக எல்லாச் சேனலும் நல்ல சேனல்தான். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் கருங்கல் சுவர் வைத்த பழைய கட்டடம் கிடைத்தால் ஒரு அறை தள்ளி வைத்துப் பாருங்கள், வேகம் விழுவது கண்ணுக்கே தெரியும்.

காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஏழு என்று மூன்று வேளையும் எடுங்கள். மாலை ஏழு மணி எண்தான் தெருவின் உண்மையான முகம். ஒரே நாள் எண்ணை வைத்து முடிவுசெய்யாமல் ஒரு வாரமாவது எடுத்து, நடு மதிப்பை (மீடியன்) எழுதுங்கள். சராசரி வேண்டாம், மைக்ரோவேவ் ஒரு தடவை குறுக்கே வந்தாலும் சராசரி சரிந்துவிடும்.

பக்கத்துக் கடைகளின் ரூட்டர் சில 3, 4, 8 என்று நடுச் சேனலில் இருக்கும். அது இரண்டு பக்கத்தையும் கெடுக்கும். மாற்றச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். குறித்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டில் அது ஒரு நல்ல பத்தி. ரிப்போர்ட்டில் மற்றவர்களின் நெட்வொர்க் பெயரையும் மேக் முகவரியையும் (கருவியின் அடையாள எண்) மறைத்துவிடுங்கள்.

5. ஒரு தடவை கையால் ஓட்டிப் பாருங்கள்

அல்காரிதம், கேல், ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1962இல் கொடுத்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங் நினைவிருக்கிறதா? பிடித்த வரிசையில் சாய்ஸ் கொடுத்தீர்கள், தற்காலிகமாக ஒரு சீட் வந்தது, மேலே இருந்த சாய்ஸ் கிடைக்குமா என்று காத்திருந்தீர்கள். இங்கே மாணவர் இடத்தில் ரூட்டர், கல்லூரி இடத்தில் சேனல். ரூட்டர் தனக்கு மிகப் பிடித்த சேனலிடம் கேட்கும். சேனல், கேட்டவர்களில் சிறந்தவரைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடும். அனுப்பப்பட்டவர் அடுத்த சாய்ஸுக்குப் போவார். பின்னால் இன்னும் நல்லவர் வந்தால் பிடித்து வைத்தவரையும் விட்டுவிடும். புதிதாகக் கேட்க ஆள் இல்லாதபோது எல்லாம் உறுதி.

கீழே உள்ளது விளக்குவதற்காக நான் போட்ட எண்கள், வேகம் எம்பிபிஎஸ் கணக்கில்:

டீக்கடை: சேனல் 1இல் 18, 6இல் 31, 11இல் 27
மெடிக்கல்: சேனல் 1இல் 22, 6இல் 28, 11இல் 12
ஜெராக்ஸ்: சேனல் 1இல் 10, 6இல் 26, 11இல் 14

சேனலும் இதே எண்ணை வைத்துத்தான் ஆளைப் பார்க்கிறது என்று வைப்போம். மூவரும் முதலில் 6ஐக் கேட்பார்கள். 6 டீக்கடையை வைத்துக்கொள்ளும். மெடிக்கல் 1க்குப் போகும், ஜெராக்ஸ் 11க்குப் போகும். முடிந்தது. மொத்தம் ஐந்து கோரிக்கை, கூட்டு வேகம் 31 + 22 + 14 = 67.

இப்போது வரிசையை மாற்றுங்கள். ஜெராக்ஸ் முதலில் வந்து 6ஐப் பிடிக்கிறது. பிறகு மெடிக்கல் வர, ஜெராக்ஸ் கழன்று 11க்குப் போகிறது. கடைசியில் டீக்கடை வர, மெடிக்கல் கழன்று 1க்குப் போகிறது. முடிவு அதேதான், கோரிக்கையும் அதே ஐந்து. யார் முன்னால் கேட்டாலும் விடை மாறாது என்ற இந்தக் குணம்தான் மையம் இல்லாத அமைப்புக்கு உயிர். ரூட்டர்களின் கடிகாரம் ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஆனால் 67தான் அதிகபட்சமா? இல்லை. டீக்கடையை 11க்குத் தள்ளி ஜெராக்ஸுக்கு 6ஐக் கொடுத்தால் 27 + 22 + 26 = 75. இந்த 75ஐ பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள லீனியர் சம் அசைன்மென்ட் ஒரே வரியில் கொடுத்துவிடும். பேனல் இதைப் பிடித்துக்கொள்ளும், தயாராக இருங்கள். பதில் இது: நிலைத்த பொருத்தம் தேடுவது கூட்டுத்தொகையை அல்ல. தற்போது இருப்பதைவிட நல்லது வேண்டி, இரு தரப்பும் சம்மதித்து விலகிப்போகும் ஜோடி ஒன்றும் இருக்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை. 75 வரும் பங்கீட்டில் டீக்கடையும் சேனல் 6உம் ஒருவரையொருவர் விரும்புவார்கள், அது நிற்காது. தவிர, இரு தரப்பும் ஒரே எண்ணைப் பார்க்கும்போது நிலைத்த பொருத்தத்தின் கூட்டு, அதிகபட்சத்தில் பாதிக்குக் கீழே போகவே போகாது. இந்த உத்தரவாதத்தை நிரூபிக்க மூன்று வரி போதும், மனப்பாடம் செய்யாமல் புரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: உகந்த பங்கீட்டின் எந்த ஜோடியை எடுத்தாலும், அதில் உள்ள ரூட்டரோ சேனலோ நிலைத்த பொருத்தத்தில் குறைந்தது அவ்வளவு பெற்றிருக்கும். பெறவில்லை என்றால் அந்த ஜோடி விலகிப் போயிருக்கும். ஒவ்வொரு நிலைத்த ஜோடியையும் அதிகபட்சம் இரண்டு தடவைதான் இப்படி எண்ண முடியும்.

6. சேனலின் சார்பில் யார் பேசுவது?

புதிதாக வருகிறவர்கள் திகைத்து நிற்கும் இடம் இது. ரூட்டர் ஒரு பெட்டி, அது கேட்கும். சேனல் வெறும் அலைவரிசை, அது எப்படி “உன்னை வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லும்?

ஒரு வழியை லெஷம், ஜெஹாவி, யாஃபே என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2012இல் காட்டினார்கள். யாருக்கு அந்தச் சேனலில் வேகம் அதிகமோ அவர் குறைந்த நேரம் காத்திருந்து முதலில் பேசத் தொடங்குவார். மற்றவர்கள் காற்றில் சத்தம் கேட்டதும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரு செய்தி கூடப் பரிமாறாமல் சேனல் தன் ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். அழகான யோசனை. ஆனால் எல்லோர் சத்தமும் எல்லோருக்கும் கேட்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தை நம் இஷ்டப்படி மாற்ற ரூட்டரின் டிரைவரைத் திருத்த வேண்டும். ஒரு செமஸ்டரில் இதைத் தெருவில் செய்ய முயல வேண்டாம், சிமுலேஷனில் வையுங்கள்.

தெருவுக்கு நடைமுறை வழி: ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரூட்டரைப் பிரதிநிதியாக்குங்கள். சேனல் 1க்காக டீக்கடை ரூட்டர் பேசும், 6க்காக மெடிக்கல், 11க்காக ஜெராக்ஸ். ஒரு பிரதிநிதிக்குத் தன்னிடம் வந்த கோரிக்கைகள் மட்டும் தெரியும். முழு அட்டவணை யாரிடமும் இருக்காது, ஆகவே இது மையமில்லாத அமைப்புதான்.

அந்தப் பேச்சு எந்த வழியாகப் போகும்? மூன்று ரூட்டரின் 2.4 ரேடியோவும் வெவ்வேறு சேனலில் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. இதற்குத்தான் இரண்டாவது ரேடியோ. 5 கிகாஹெர்ட்ஸில் மூன்றையும் ஒரே நிலையான சேனலில் மெஷ்ஷாக (ஒன்றோடொன்று நேரடியாக) இணைத்து, கோரிக்கைகளை யுடிபியில் அதன் வழியே அனுப்புங்கள். 2.4 முழுக்கச் சோதனைக்கு.

யுடிபி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் செய்தி அனுப்பும் முறை, ஆகவே செய்தி தொலையும். கோரிக்கைக்கு ஒரு விநாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும், அதே கோரிக்கை இரண்டு தடவை வந்தால் பிரதிநிதி குழம்பக் கூடாது, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். இரண்டு ரூட்டர் ஒரே மதிப்பில் வந்தால் மேக் முகவரியில் சிறியது ஜெயிக்கட்டும். முடிந்துவிட்டது என்று யாரும் மணியடிக்க மாட்டார்கள். பத்து விநாடி புதுக் கோரிக்கை இல்லை என்றால் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகே நிஜமாகச் சேனலை மாற்றுங்கள். ஒவ்வொரு தற்காலிகச் சம்மதத்துக்கும் சேனலை மாற்றினால் லேப்டாப் அறுந்து அறுந்து சேரும்.

ஒரு நுணுக்கம். இந்த அல்காரிதத்தில் கேட்கும் தரப்பு பொய்யான வரிசை கொடுத்து லாபம் பார்க்க முடியாது என்று புத்தகத்தில் இருக்கும். அதை அப்படியே ஒப்பிக்காதீர்கள். நம் அமைப்பில் சேனல் பார்க்கும் எண்ணையே ரூட்டர்தான் சொல்கிறது. டீக்கடை ரூட்டர் எல்லா இடத்திலும் 99 என்று சொன்னால் எப்போதும் ஜெயிக்கும். சாய்ஸ் வரிசையில் பொய் சொல்வது வேறு, மார்க் ஷீட்டைத் திருத்துவது வேறு. இந்த வித்தியாசத்தை நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் பேனல் சற்று நிமிர்ந்து உட்காரும்.

7. ஒரே சேனலில் இரண்டு பேர்

நான்காவது ரூட்டரைச் சேர்த்தால் யாராவது இருவர் ஒரு சேனலைப் பகிர வேண்டும். இங்கே கதை மாறும். 6இல் என் வேகம் எவ்வளவு என்பது கூட யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது, ஆகவே நிலையான விருப்பப் பட்டியல் என்று ஒன்று இல்லை. மேலே சொன்ன உத்தரவாதங்கள் இங்கே செல்லாது, நிலைத்த பொருத்தம் இல்லாமலே போகலாம்.

வழக்கமான தீர்வு இடமாற்றம். ஏதாவது ஒரு பங்கீட்டில் தொடங்குங்கள். இரண்டு ரூட்டர் சேனலை மாற்றிக்கொண்டால் சம்பந்தப்பட்ட யாருக்கும் நஷ்டமில்லை, ஒருவருக்காவது லாபம் என்றால் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கூட்டு வேகம் கூட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தால் கட்டாயம் ஒரு இடத்தில் நின்றுவிடும், சாத்தியமான பங்கீடுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவைதானே. நேரமில்லை என்றால் இந்தப் படியை ரிப்போர்ட்டில் “அடுத்த கட்டம்” பகுதிக்குத் தள்ளிவிடலாம், தப்பில்லை.

8. தெருவில் விடும்போது

ஜனவரியில் தொடங்கும் எட்டாம் செமஸ்டர் என்றால், ஜனவரி முடிவதற்குள் காகிதமும் சாமானும், பிப்ரவரி முழுக்க அளவெடுப்பு, மார்ச்சில் தெரு ஓட்டம், ஏப்ரலில் ரிப்போர்ட். அளவெடுப்பைச் சுருக்கி கோடிங்குக்கு நேரம் கொடுக்காதீர்கள். அதற்கு எதிர்த்திசையில் செய்யுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை நாளிதழில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையிலிருந்து மாலை வரை கரண்டு இருக்காது, மினி யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. கரண்டு திரும்பியதும் இரண்டு வேடிக்கை நடக்கும். மூன்று ரூட்டரும் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் கேட்கும், ஆகவே தொடக்கத்தில் 0 முதல் 20 விநாடி வரை ஆளுக்கொரு தற்செயல் தாமதம் வையுங்கள். அடுத்தது, இந்த ரூட்டர்களில் கடிகார பேட்டரி கிடையாது. இன்டர்நெட் இல்லாமல் எழுந்தால் பழைய தேதியில் லாக் எழுதிக்கொண்டே போகும். உங்கள் லேப்டாப்பையே நேர சர்வராக வையுங்கள், அல்லது தொடர் எண்ணையும் லாக்கில் சேர்த்து எழுதுங்கள்.

சேனல் அடிக்கடி தாவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச் சேனலில் குறைந்தது 20 சதவீதமாவது லாபம் இருந்தால் மட்டும், அதுவும் அரை மணிக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லை என்று வைத்தால் போதும். ரூட்டரில் வைஃபையை நடத்தும் மென்பொருளான ஹோஸ்ட்ஏபிடியில் சேனல் மாற்ற அறிவிப்பு வசதி இருக்கிறது, இணைந்திருக்கும் கருவிகள் அறுந்துபோகாமல் கூடவே நகரும். பழைய பிரிண்டர், மலிவு கேமரா போன்றவை அந்த அறிவிப்பைக் கண்டுகொள்ளாது.

9. ரிப்போர்ட்டும் வைவாவும்

நான்கு ஒப்பீடு கட்டாயம்: எல்லோரும் கண்ணை மூடி ஒரு சேனல் எடுப்பது, ஹோஸ்ட்ஏபிடியின் தானியங்கித் தேர்வு, உங்கள் முறை, மையமாகக் கணக்கிட்ட அதிகபட்சம். சிமுலேஷனில் ஒவ்வொன்றையும் குறைந்தது முப்பது வெவ்வேறு விதை எண்களில் (தற்செயல் எண்களின் தொடக்கம்) ஓட்டி, நம்பிக்கை இடைவெளியோடு வரையுங்கள். ஒரே ஓட்டத்தின் கோட்டை வரைந்து கொண்டுபோனால் அனுபவமுள்ள எக்ஸ்டர்னல் முதலில் அதைத்தான் கேட்பார்.

இன்னொரு கேள்வியும் வரும்: “இரு தரப்பும் ஒரே எண்ணைப் பார்க்கிறதென்றால், அட்டவணையில் பெரிய எண்ணை முதலில் எடுத்து, அடுத்த பெரியதை எடுத்து என்று போனாலே இதே விடை வருமே, அப்புறம் எதற்கு இவ்வளவு?” வரும், உண்மைதான். சமமான எண்கள் இல்லாவிட்டால் நிலைத்த பொருத்தம் ஒன்றே ஒன்று, அதுவே அந்தப் பேராசை முறையின் விடையும். ஆனால் அதற்கு முழு அட்டவணையும் ஒரே இடத்தில் வேண்டும், உங்களிடம் அது எந்த ரூட்டரிலும் இல்லை. இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, ஐந்தாம் படியில் உள்ளது போன்ற மூன்று வரி அட்டவணையைப் போர்டில் எழுதிக் காட்டுங்கள்.

வைவா முடிந்த அதே வாரம் கடைகளிலிருந்து ரூட்டர்களை எடுத்துவிடுங்கள். சம்மதக் கடிதத்தின் நகலில் “கருவி திரும்பப் பெறப்பட்டது” என்று தேதியோடு ஒரு வரி எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் சேருங்கள். அடுத்த வருட ஜூனியர்கள் அதே கடைக்குப் போய் நிற்கும்போது அந்த ஒரு தாள் உதவும்.